ஏழாம் நம்பர் அயர்ன்

எங்கள் ஃபேக்டரியில் ஒரு பதிவேடு இருக்கிறது. சட்டை தைக்கிற ஃபேக்டரி. எந்த மெஷின் ஓடியது, எது நின்றது, எது ரிப்பேர் என்று சூப்பர்வைசர் தினமும் அதில் எழுத வேண்டும். எங்களோடு வேலை செய்கிற அக்கா மயங்கி விழுந்த அன்று அதில் எழுதியிருந்ததை என் கண்ணால் படித்தேன். "அயர்ன் 7: கீழே விழவில்லை. சேதம் இல்லை. நல்ல நிலையில் உள்ளது." அவ்வளவுதான். அயர்னைப் பிடித்திருந்த மனுஷி கன்னம் வீங்கித் தரையில் கிடந்தாள். அதைப் பற்றி அரை வரி கிடையாது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அயர்ன் என்றால் உங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். அலமாரியின் மேல் தட்டில் ஒயரைத் தன்மேல் சுற்றிக்கொண்டு கிடக்கும், வெளியே கிளம்பும்போது மட்டும் ஞாபகம் வரும். எங்களிடம் அந்தச் சொல் படுகிற பாடு இருக்கிறதே! மெஷினுக்குப் பெயர் அயர்ன். செய்கிற வேலைக்கும் அயர்ன். இருபது பேர் வரிசையாக நின்று தேய்க்கிற கூடத்துக்கும் அயர்ன். கடைசியில் எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. "இன்னைக்கு அயர்ன் ரெண்டு வரல" என்றால் இரண்டு பெண்கள் லீவு. ஒரு தடவை, "அயர்ன் அஞ்சு சூடா இருக்கு, யாரும் கிட்டப் போகாதீங்க" என்று யாரோ சொல்ல, புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஐந்தாம் மேஜைக்காரி காலையில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். எலக்ட்ரீஷியன் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் எட்டு. அக்கா ஏழு. பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை.

அக்கா நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். தலைமுடியை வலைக்குள் இழுத்துக் கட்டினால் இன்னும் ஒரு சாண் உயரம் கூடும். மணிக்கு அறுபது சட்டை தேய்ப்பாள். முதலில் காலர், பிறகு கைப்பட்டி, பிறகு முதுகு. சட்டை அவள் கையில் தானாகத் திரும்பிக் கொடுப்பது போல இருக்கும். பேச்சு குறைவு. ஆனால் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. பெரிய சைஸ் சட்டை வந்தால் காலரைத் தூக்கிப் பார்த்து, "ஏண்டி, இது கழுத்தா, அடிமரமா?" என்பாள். முகத்தில் சிரிப்பு மட்டும் வராது. நாங்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவள் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவராக இருந்தவர். இடுப்பு போனபிறகு வீட்டோடு இருக்கிறார். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவர்தான். "எங்க வீட்டு சமையலைப் பத்திக் கேக்காதே. மூட்டை தூக்கின கை இல்லையா, உப்பையும் அப்படியே அள்ளிப் போடறார்" என்பாள். ஒரே மகள், நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை தேய்த்து அனுப்புகிற அக்காவின் வீட்டில் எல்லாரும் கசங்கிய துணியோடுதான் திரிவார்கள். வீட்டில் அயர்ன் பாக்ஸே கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதை வீட்டுலயும் பாக்கணுமா? என் மூஞ்சிக்கு நேரா ஒயரோட உக்காந்திருந்தா எனக்குச் சோறு இறங்காது" என்றாள்.

போன வருஷம் ஆண்டு விழாவில் மேனேஜர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். பத்து வருஷத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் லீவு போட்டிருக்கிறாளாம். அவள் அயர்ன் பிடித்து நிற்கிற மாதிரி ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடித்தாள் ஒட்டி, கீழே "எங்கள் இரும்புப் பெண்மணி" என்று போட்டு, கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம். படத்தை அக்காவிடம் கொடுப்பது போல ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி, மேனேஜர் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். வெளியாட்கள் வந்தால் காட்டுவதற்கு வேண்டுமாம். மேடையை விட்டு இறங்கி வந்த அக்கா என் காதில், "படம் அச்சடிச்ச செலவுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கலாம்டி" என்றாள்.

ஸ்டூல் என்றால் சும்மா இல்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நாங்கள் நின்றுகொண்டேதான் தேய்க்கிறோம். சாப்பாட்டுக்கு அரை மணி. கால் நரம்பு எல்லாருக்கும் சுருண்டு கிடக்கிறது. "அயர்ன்ல உக்காந்தா அழுத்தம் வராது" என்பது எங்கள் சூப்பர்வைசர் எப்போதும் சொல்கிற வேதவாக்கு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நீராவி. வாயைத் திறந்தாலே உஸ் உஸ் என்று சத்தம் வரும். அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும். அவரும் பத்து வருஷம் நாலாம் மேஜையில் நின்று தேய்த்தவர்தான். சட்டைப் பையில் பேனா ஏறியதும் கால்வலி மறந்துவிட்டது.

இந்த வருஷம் நடுவிலிருந்து அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பாள். உதடு வெளுத்துப் போச்சு. மகள்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மறுநாள் அக்கா வந்து, அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இதைக் கேளுங்கடி. எனக்கு அயர்ன் கம்மியாம்!"

கூடமே வெடித்துச் சிரித்தது. ஐந்தாம் மேஜைக்காரி, "என்னுதைக் கொண்டு போங்க அக்கா, தலைவேதனை விட்டுச்சு" என்றாள். இன்னொருத்தி, "டாக்டரை இங்க கூட்டிட்டு வாங்க, இருபது இருக்கு, எண்ணிப் பாக்கட்டும்" என்றாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. ரத்தத்தில் இரும்புச் சத்து பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், தொடர்ந்து நிற்கக் கூடாது என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. மகள் அந்தக் கடைசி வரியின் கீழ் பேனாவால் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

சாப்பாட்டு மணிக்குள் அக்கா அந்தச் சீட்டை நீராவியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஒரு ஸ்டூல் மட்டும் குடுங்க சார். மூணு மாசம்தான். எண்ணிக்கை குறையாம முடிச்சுத் தர்றேன்."

"உங்களுக்குக் குடுத்தா இருபது பேரும் கேப்பாங்கம்மா."

"கேட்டா என்ன சார், எல்லாருக்கும் காலு இருக்குதானே?"

"அயர்ன்ல இதுவரைக்கும் யாராவது உக்காந்திருக்காங்களா? உங்களை இரும்புப் பெண்மணின்னு சுவர்ல மாட்டி வெச்சிருக்கு. நீங்களே இப்படிப் பேசலாமா?"

சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை. அக்கா சீட்டை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். நானாக இருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. சாயங்காலம் வரை நின்று, எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் போனாள்.

இப்போது எங்கள் வேலையில் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மேஜைக்கும் வலது பக்கம் ரப்பர் போட்ட ஒரு ஸ்டாண்டு உண்டு. கையை விட்டு அயர்ன் இறங்கினால் அந்த ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் துணியே தர மாட்டார்கள். எடு, வை. எடு, வை. அதுதான் பயிற்சி. ஒரு மூச்சு நேரம் துணிமேல் விட்டால் சட்டை பழுப்பாகிவிடும், ஆபீசிலிருந்து மெமோ வரும். அந்தப் பயத்தில் கை தானாகக் கற்றுக்கொள்கிறது. தும்மினாலும் ஸ்டாண்டு. யாராவது கூப்பிட்டாலும் ஸ்டாண்டு. நான் வீட்டில் குழம்புக் கரண்டியைக்கூட வலது பக்கம் ஒரு முழம் தள்ளித்தான் வைக்கிறேன், என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அக்காவின் அம்மா இறந்த செய்தி அவளுக்கு இந்தக் கூடத்தில் வைத்துத்தான் வந்தது. அவள் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அலறினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள்.

சீட்டைக் கொடுத்த மூன்றாம் நாள், சாப்பாட்டுக்கு முன்னால், அக்கா ஒரு நீலச் சட்டையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, லைட்டு போச்சா?" என்று கேட்டாள். லைட் எல்லாம் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் திரும்புவதற்குள் கால் மடங்கி, மேஜை விளிம்பில் கன்னம் அடித்து, சரிந்துவிட்டாள். ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைத்தேன். மேலே ஏழாம் நம்பர் அயர்ன் அதன் ஸ்டாண்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நீலச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று.

நீராவி ஓடி வந்து முதலில் சட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகுதான் தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு களை வந்ததை நான் அப்போதே கவனித்தேன். இரண்டு நாள் கழித்து, முகத்தில் வீக்கம் வடியாமல் அக்கா வேலைக்கு வந்தபோது கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். ஸ்டூல் மறுக்கப்பட்டதால் வேலை நேரத்தில் மயக்கம் வந்ததாக நடித்து, உற்பத்தியைத் தடை செய்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணைக்கு வர வேண்டும், ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டும்.

"நடிச்சேனாம்" என்றாள் அக்கா. கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள். மகளின் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இடுப்பு போன மனுஷனுக்கு வேறு நாதி இல்லை. இப்படிப் பெயர் கெட்டு வெளியே போனால் அடுத்த ஃபேக்டரி வாசல்கூடத் திறக்காது. எனக்குத் தலை முதல் கால்வரை பத்திக்கொண்டு வந்தது.

பார்த்தவள் என்பதால் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறை. அவர் தலைக்கு மேல் சுவரில் அக்காவின் படம், இரும்புப் பெண்மணி. படத்துக்குக் கீழே அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உட்காரச் சொல்ல அங்கேயும் ஆளில்லை.

நீராவி அடுக்கினார். "சார், மயக்கம்னா எப்படி வரும்? திடீர்னு வரும். கையில இருக்கறது அப்படியே விழும். அயர்ன் துணி மேல விழணும், இல்ல கால் மேல விழணும். இவங்க என்ன பண்ணாங்க? பொறுப்பா ஸ்டாண்டுல வெச்சுட்டு, இடம் பாத்து விழுந்திருக்காங்க. டாக்டர் சீட்டைக் காட்டி ஸ்டூல் கேட்டாங்க, இல்லைன்னேன். மூணாம் நாளே மயக்கம். இது எந்த ஊரு மயக்கம்?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. தேய்ப்பு தெரியாதவர், அவ்வளவுதான். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அக்காவைப் பார்த்து, "அயர்னை வெச்சது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். லைட்டு போன மாதிரி இருந்துச்சு. கண்ணு முழிச்சப்ப இவ மடியில இருந்தேன்."

"ஞாபகம் இல்லாம எப்படிச் சரியா வெச்சீங்க?"

பதினோரு வருஷமாகச் செய்கிறதற்குக் காரணம் சொல்லச் சொன்னால் யாரால் சொல்ல முடியும்? நான் குறுக்கே விழுந்து, அவள் அம்மா இறந்த நாளின் கதையைச் சொன்னேன். கரண்டிக் கதையையும் சொன்னேன். "சார், சட்டையைக் கருக்காம விழுந்ததுக்குப் பரிசு குடுக்கணும். கருக்கியிருந்தா மெமோ, கருக்கலைன்னா நடிப்பா? செத்தாத்தான் நம்புவீங்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நீராவி சிரித்தார். "சிநேகிதி அப்படித்தான் சார் சொல்லுவாங்க. வாங்க, மேஜையிலயே செஞ்சு காட்டறேன். உங்க கண்ணாலயே பாருங்க."

எல்லாரும் கூடத்துக்குப் போனோம். மற்ற மேஜைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆனால் எல்லாக் காதும் இங்கேதான். நீராவி ஏழாம் நம்பர் முன்னால் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு அயர்னை எடுத்தார். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, பழைய கை. ஒரு சட்டையை விரித்துத் தேய்த்தபடியே பாடம் நடத்தினார்.

"இப்ப எனக்கு மயக்கம் வருதுன்னு வெச்சுக்குங்க சார். என் புத்தி என் வசத்துல இல்ல. அப்ப இந்த அயர்னு..."

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அவருடைய சட்டை முதுகு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்தச் சட்டைக்குக்கூட எங்களில் யாரோ ஒருத்திதான் மடிப்பு வைத்திருப்பாள். இரண்டு கையாலும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டேன்.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு மனுஷன் பக்கவாட்டில் போனார். முழங்கால் தரையில் மோதியது. கண்ணாடி கழன்று மேஜைக்கு அடியில் ஓடியது. பேனா ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம்.

அயர்ன் மட்டும் ஸ்டாண்டில் இருந்தது.

உஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டு, ரப்பருக்கு நடுவில், ஒரு விரல்கூட விலகாமல் இருந்தது. சட்டையில் பொட்டுக் கறை இல்லை. கூடத்தில் சத்தமே இல்லை. ஏன் சத்தம் இல்லை என்று மேனேஜர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீராவி கத்திய சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பியிருந்த அத்தனை பெண்களின் கையும் காலியாக இருந்தது. அத்தனை அயர்னும் அததன் ஸ்டாண்டில். யாரும் வை என்று சொல்லவில்லை. வைத்தது அவர்களுக்கே தெரியவில்லை. ஐந்தாம் மேஜைக்காரி தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மேனேஜர் குனிந்து கண்ணாடியை எடுத்து நீராவியிடம் கொடுத்தார்.

"நீங்க வெச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

நீராவி ஸ்டாண்டைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார். உஸ் சத்தம்கூட வரவில்லை.

அப்போதுதான் அக்கா பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் நீராவியை எழுப்பிவிடக் கை நீட்டிக்கொண்டே கேட்டாள். "நாலாம் மேஜையில நின்னப்போ உங்களுக்கும் சாயங்காலம் ஆனா காலு வீங்குமே சார். சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிப்பீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இல்லையா?" அவர் அவள் கையைப் பிடித்துத்தான் எழுந்தார்.

குற்றச்சாட்டை ரத்து செய்தார்கள். மன்னிப்பு என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்தேன். எனக்கு மேலதிகாரியைத் தள்ளியதற்காக மெமோவும் மூன்று நாள் சஸ்பென்ஷனும். சூடான அயர்ன் பிடித்த ஆளைத் தள்ளியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் பயம் போய்விட்டது, கோபம் மட்டும் மிச்சம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரு மனுஷியைப் பொய்க்காரி என்று எழுதிய கைக்கு மெமோ கிடையாது.

நான் திரும்பிப் போனபோது ஏழாம் மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. ஒன்றே ஒன்று. மருத்துவக் காரணத்துக்காக, மூன்று மாதத்துக்கு மட்டும், ஏழாம் நம்பருக்கு மட்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டை அக்கா முதல் நாளே கிழித்துப் போட்டுவிட்டாளாம். கால்மணிக்கு ஒருத்தி என்று முறை போட்டு, ஸ்டூலை மேஜை மேஜையாக நகர்த்தி, இருபது பேரும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். நீராவி அந்தப் பக்கம் வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். உட்கார்ந்து தேய்த்த சட்டைகளில் அழுத்தம் குறைந்ததாக இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. மீதிப் பத்தொன்பது ஸ்டூலுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரட்டும், இல்லையென்றால் இருக்கிறது கச்சேரி.

"உக்காருடி, உன் முறை" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். கேண்டீன் சாமான் அறையில் கிடந்த பழைய ஸ்டூல் போலிருக்கிறது, கால் ஒன்று குட்டை. ஆனால் ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். அந்தக் காலுக்கு அடியில் ஏதோ பளபளப்பாக, எட்டாக மடித்துச் செருகியிருந்தது. மடிப்பின் ஓரத்தில் பாதி முகமும் "இரும்புப் பெ" என்ற எழுத்தும் தெரிந்தன.

"இது மேனேஜர் ரூம்ல இல்ல இருந்துச்சு?"

"போய்க் கேட்டேன். என் படம்தானே, குடுங்கன்னேன். குடுத்துட்டார்" என்றாள் அக்கா. அடுத்த சட்டையின் காலரை விரித்துக்கொண்டே, "தடிமனான தாள்டி. நல்லாத் தாங்குது" என்றாள்.